சாமுராய் அண்ணையைச் சாகவிடாத மணி

ஜெர்மனி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், நான்கு பாண் வாங்குவதற்குப் பேக்கரிப் பெண்ணிடம் போர்க்களத் தளபதி மாதிரிப் பேசுகிற இன்னொரு தமிழரை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. ஹம் நகரத்தில் எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவரது கடவுச்சீட்டுக்கும் குடும்ப வைத்தியருக்கும் மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் சாமுராய் அண்ணை.

அவர் பேசிய ஜெர்மனில் பிழை கிடையாது. அதுதான் பிரச்சினை. பிழையாகப் பேசியிருந்தால் பாவம், அகதி என்று விட்டிருப்பார்கள். அவர் பேசியதை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: "நங்கையே, நெடுந்தூரம் கடந்து உன் வாயிலுக்கு வந்திருக்கிறேன். உன் களஞ்சியத்திலிருந்து நான்கு அப்பங்களை அளிப்பாயாக." நெடுந்தூரம் என்பது எதிர்த் தெரு. முதல் நாள் அந்தப் பெண் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு பாணைச் சுற்றிக் கொடுத்தாள். ஒரு மாதம் போன பிறகு, "அப்படியே ஆகட்டும், பிரபுவே" என்று அவளும் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். வரிசையில் பின்னால் நின்ற எனக்கு மட்டும் அவள் வழக்கமான முகத்தையே காட்டினாள்.

இந்த ஜெர்மன் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எண்பதுகளில் நாங்கள் வந்து இறங்கியபோது எங்களை ஒரு ஹைமில் போட்டார்கள். ஹைம் என்றால் அகதிகளைத் தங்கவைக்கிற கட்டடம். எங்களுடையது பழைய பள்ளிக்கூடம். ஓர் அறையில் எட்டுப் பேர், இரண்டு தட்டுக் கட்டில். மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவருக்கு. வேலை செய்யக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மொழி படிக்க வகுப்பும் கிடையாது. சும்மா இருக்கலாம், அதற்கு மட்டும் அனுமதிப் பத்திரம் கேட்கவில்லை.

எங்கள் நிலையைப் பார்த்து மனமிரங்கிய ஒரு தேவாலயத்து அம்மா பழைய டிவி ஒன்றையும் வீடியோ டெக் ஒன்றையும் ஒரே ஒரு கசெட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் ஆசியாக்காரர்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மெனக்கெட்டு ஓர் ஆசியப் படமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். ஜப்பான்காரரின் சாமுராய்ப் படம். கறுப்பு வெள்ளை. பழைய ஆங்கில மேடைச் சோகநாடகம் ஒன்றை ஜப்பானியர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் படமாக்கியிருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் அதற்குத் தங்கள் குரலைக் கொடுத்திருந்தார்கள். ஆக, ஆங்கிலேயன் கதையை ஜப்பானியன் நடிக்க, ஜெர்மன்காரன் பேச, யாழ்ப்பாணத்தான் வாயைப் பிளந்து பார்த்தான். உலக ஒற்றுமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கதை பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. ஒரு தளபதி. காட்டில் சந்தித்த ஒரு கிழட்டு ஆவி, நீ கோட்டைக்கு அதிபதி ஆவாய் என்று சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் மனைவி பிடித்துத் தள்ளுகிறாள். தன் பிரபுவைத் தூக்கத்திலேயே கொன்றுவிட்டுக் கோட்டையைப் பிடிக்கிறான். காடு எழுந்து நடந்து வந்தாலொழிய உனக்குத் தோல்வி இல்லை என்கிறது ஆவி. கடைசியில் காடு நடந்து வருகிறது. எதிரிப் படை மரங்களை வெட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது. சொந்த வீரர்களே அம்பு மழை பொழிந்து அவனைக் கொல்கிறார்கள்.

நாங்கள் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சீட்டு விளையாடப் போய்விட்டோம். சாமுராய் அண்ணை பதினொரு மாதம் பார்த்தார். காலையில் பல் தீட்டிவிட்டு ஒரு தரம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு தரம். வசனங்களைக் கொப்பியில் எழுதினார். பக்கத்து அறை ஈரானியரிடம் அகராதி வாங்கி அர்த்தம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பிற்பாடு வேலைத்தலங்களில், சந்தையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அடிபட்டு ஜெர்மன் படித்தோம். அவர் அதற்கு முன்பே ஒரு முழு மொழியை முடித்துவிட்டார். அந்த மொழியை ஜெர்மன்காரர்கள் யாரும் பேசுவதில்லை என்பது மட்டும்தான் சின்னக் குறை.

முதல் டெர்மின், அதாவது அலுவலகம் குறித்துக் கொடுக்கிற நாள், வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரணை. மொழிபெயர்ப்பாளராக எங்கள் ஆள் ஒருவரை வைத்திருந்தார்கள். அடுத்த ஆள் நான் என்பதால் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்காக இந்த நாட்டுக்கு வந்தீர் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் சாமுராய் அண்ணை எழுந்து நின்று, இடுப்பை வளைத்து வணங்கி, கசெட் குரலில் தொடங்கிவிட்டார்.

"பிரபுவே, என் கோட்டை எரிந்துவிட்டது. என் இளவல் காட்டுப் பாதையில் போனான், திரும்பி வரவில்லை. கூகை மூன்று முறை அலறியது. இனி என் வாள் தங்கள் காலடியில்."

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். வாள் என்ற சொல்லைக் கேட்டதும் மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம், "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றார். வெளியே வந்த மொழிபெயர்ப்பாளர் எனக்கு அர்த்தம் சொன்னார்; அன்று இரவுச் சாப்பாட்டில் நான் அதை நடித்துக் காட்டினேன். கூகை அலறிய இடத்தில் அறையே உருண்டு சிரித்தது. சாமுராய் அண்ணையும் சிரித்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான்.

வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் ஒரு கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலாளராக இருந்தவர் தொந்தியும் இருமலுமாக ஒரு மனிதர். வாழ்நாளில் அவரை யாரும் மதித்துப் பேசியதில்லை. சாமுராய் அண்ணை முதல் நாளே, "தலைவரே, கட்டளையிடுங்கள், இந்த உயிர் தங்களுடையது" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஒரு கிழமைக்குள் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். மூன்றாம் கிழமை மீசை வளர்த்தார். ஓய்வு பெற்ற நாளில் சாமுராய் அண்ணையைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று கேள்வி. எனக்கு என் மேலாளர் கடைசி நாளில் ஒரு பேனா கொடுத்தார், அதுவும் எழுதாது.

இனி நாடகத்துக்கு வருகிறேன். இதில் நானும் குற்றவாளி என்பதால் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்துக்கு இருபது வருடம் நான் செயலாளர். திறமைக்காக அல்ல, வேறு யாரும் கையைத் தூக்காததால். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பள்ளி மண்டபத்தை எடுத்துப் பொங்கல் விழா வைப்போம். ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பள்ளியின் ஹவுஸ்மைஸ்டர், அதாவது திறப்புச் சாவிக் கோர்வைக்கும் விளக்குச் சுவிட்சுகளுக்கும் அதிபதியான மனிதர், சரியாக ஆறு மணிக்கு வந்து விளக்கை அணைப்பார். மேடையில் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குப் பொருட்டல்ல. ஒருமுறை ஒரு நன்றியுரையை 'நன்றி' என்ற சொல்லுக்கு முன்னால் அணைத்திருக்கிறார்.

விழா ஒவ்வொரு வருடமும் சாமுராய் அண்ணையின் நாடகத்தோடுதான் முடிய வேண்டும். அதே படம்தான். அவரே தமிழாக்கி, அவரே இயக்கி, அவரே அந்தத் தளபதியாக நடித்தார். ஆனால் அழைப்பிதழில் பன்னிரண்டு மணி என்று போட்டால் எங்கள் சனம் ஒன்றரைக்குத்தான் வீட்டில் சேலை மடிப்பு வைக்கத் தொடங்கும். பிறகு பதினொரு பிரமுகர்கள் மங்கல விளக்கேற்ற வேண்டும். ஐந்து திரிதான் இருக்கும்; மிச்ச ஆறு பேரும் ஏற்றிய திரியையே மறுபடி ஏற்றுவார்கள். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, பக்கத்து ஊரிலிருந்து வந்தவரின் 'இரண்டு வார்த்தை'. அதன் பிறகு நடனம். எந்த நடன ஆசிரியையின் எந்த மாணவியையும் விட முடியாது. விட்டால் அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வராது. இவை எல்லாம் முடிய மிஞ்சுகிற நேரம் நாடகத்துக்கு.

மிஞ்சுவது பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் மேடையோரத்தில் நின்று மணி அடிப்பேன். என் மனைவியின் சாமியறையிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கைமணி. மணி அடித்தால் திரை மூடும். சாமுராய் அண்ணை பிரபுவைக் கொன்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருப்பார்; மணி. கோட்டையில் விருந்து நடக்கும், மணி. நல்ல வருடம் ஒன்றில் காடு புறப்படும் என்கிற வரைக்கும் போனார். காடு புறப்படவில்லை. இருபது வருடத்தில் அந்தத் தளபதி ஒருமுறைகூடச் சாகவில்லை.

இதனால் ஹம் தமிழர்கள் மத்தியில் ஒரு பெரிய கருத்துப் பிழை வேரூன்றிவிட்டது. அந்தக் கதையில் கொலைகாரன் வென்று, கோட்டையில் சுகமாக வாழ்கிறான் என்று எல்லோரும் நம்பினார்கள். மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் ஒருவர், "அந்த நாடகத்தில வாற தலைவர் மாதிரி முடிவெடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் எங்களுக்கு வேணும்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். தமிழ்ப் பள்ளியின் ஆசிரியை என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"செக்ரட்டரி, கொலை செய்தவன் சந்தோசமா இருக்கிறான் எண்டு வருசா வருசம் பிள்ளையளுக்குக் காட்டுறியள். இதுவோ பொங்கலுக்குச் சொல்லுற சேதி?"

"டீச்சர், அவன் கடைசியில சாவான்."

"எப்ப?"



போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாமுராய் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். படியேறி வந்த களைப்பில் முழங்காலைத் தடவிக்கொண்டார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"தம்பி, நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் போறன். மகளோட இருக்க. முழங்கால் இரண்டும் ராஜினாமாக் குடுத்திட்டுது. நாலாம் மாடியில இனி இருக்க ஏலாது."

"நல்லதுதானே அண்ணை. பேரப்பிள்ளையளோட இருக்கலாம்."

"ஓம், நல்லதுதான். ஆனா இந்தப் பொங்கல்தான் எனக்கு இங்க கடைசி." கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஒருக்காலாவது என்னைச் சாக விடும்."

நான் சிரித்தேன். "பாப்பம் அண்ணை. நடனம் மட்டும் பதினாலு இருக்கு."

"இருபது வருசமா உம்மட மணியால நான் சாகாமல் திரியிறன்."

நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"ஊரில சண்டை நேரம் என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். நாப்பது வருசம் தாண்டிப்போச்சு" என்றார். "இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அம்மா வாசலைப் பாத்துப் பாத்தே கண்ணை மூடினா. முடிவு தெரியாமல் இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். நாடகம் நடிப்புத்தான், அந்தத் தளபதி கெட்டவன்தான். இருந்தாலும் ஒரு கதையாவது முடிவு வரைக்கும் போகட்டுமே, தம்பி."

என் இளவல் காட்டுப் பாதையில் போனான், திரும்பி வரவில்லை. நான் அறைக்கே நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்த வசனம். நாற்பது வருடம் அவரோடு பழகியிருக்கிறேன், அது கசெட்டில் இல்லாத வசனம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதோ, "கமிட்டியில கதைச்சுப் பாக்கிறன்" என்பதுதான். இருபது வருடம் செயலாளராக இருந்தால் ஒரு மனிதன் இப்படித்தான் ஆகிவிடுகிறான்.

ஒத்திகை தொடங்கியது. இந்த முறை தளபதியின் மனைவியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. புருஷனைக் கொலைக்குத் தூண்டுகிறவளாக நடித்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம் சனம் என்ன சொல்லும் என்று பயம். கடைசியில் ஆசியக் கடை வைத்திருக்கும் புஷ்பம் அக்கா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"கொல்லுங்கோ எண்டு நான் என்ர வாயால சொல்லமாட்டன்."

"அப்ப அவன் ஏன் கொல்லுறான், அக்கா?" என்று சாமுராய் அண்ணை கேட்டார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, பிறகு உங்கட விருப்பம் எண்டு சொல்லுறன். போதாதோ?"

சொல்லிக் காட்டினார். போதும் என்று அங்கிருந்த கல்யாணமான ஆண்கள் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. படத்தில் வந்த ஜப்பானியப் பெண்கூட அவ்வளவு பயமுறுத்தவில்லை.

அடுத்தது காடு. இதற்காக இருபது வருடமாக அவர் மனதில் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஜெர்மன்காரர்கள் ஜனவரி இரண்டாம் கிழமை கிறிஸ்துமஸ் மரங்களைத் தெருவோரம் எறிவார்கள். நகரசபை வண்டி ஒரு சனிக்கிழமை வந்து அள்ளிக்கொண்டு போகும். வண்டிக்கு முதல் நாள் சாமுராய் அண்ணை புறப்பட்டார். கார் என்னுடையது. ஒரு வீட்டு வாசலில் மரத்தைத் தூக்கும்போது வீட்டுக்காரர் வெளியே வந்து, இது எதற்கு என்று கேட்டார்.

"காடு புறப்பட வேண்டிய நாள் வந்துவிட்டது" என்றார் சாமுராய் அண்ணை.

அந்த மனிதர் பயந்து உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். போனவர் பக்கத்து வீட்டு மரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று மட்டும் முப்பத்திரண்டு மரம். என் கார் சீட்டுகளில் இன்றைக்கும் ஊசியிலை குத்துகிறது.

மரத்தைப் பிடிக்கப் பிள்ளைகள் வேண்டும். எந்தப் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. "என்ர பிள்ளை ஜிம்னாசியத்தில படிக்குது. அது வந்து மரமா நிக்கிறதோ?" என்றார் ஒரு தகப்பன். ஜிம்னாசியம் என்றால் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அங்கே படிக்கிற பிள்ளையை எங்கள் சனம் கடைக்குக்கூட அனுப்பாது. சாமுராய் அண்ணை அந்தத் தகப்பனின் தோளில் கைபோட்டு, "மரமில்லை தம்பி. தளபதி. கையில மரம் பிடிச்ச தளபதி" என்றார். மற்ற பெற்றோருக்கும் அதையே சொன்னார். இப்படியாக முப்பத்திரண்டு தளபதிகள் உள்ளதும் ஒரு சிப்பாய்கூட இல்லாததுமான ஒரு படை தயாரானது. எங்கள் மன்றத்தின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

கவசத்தைக் கார்களின் கால்மிதிகளை வெட்டித் தைத்தார். அதற்கு மேல் வெல்க்ரோ. பால்கனியில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில் குச்சிகள் அம்புகள். நுனியில் பஞ்சும் வெல்க்ரோவும். எறிந்தால் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒத்திகையில் இரண்டு அம்பு அவர் மூக்கில் பட்டன. பரவாயில்லை, போர் என்றால் இப்படித்தான் என்றார்.

விழா நாள் வந்தது. வழக்கம்போல ஒன்றே முக்காலுக்குத் தொடங்கியது. வழக்கம்போல பதினொரு பேர் ஐந்து திரி ஏற்றினார்கள். 'இரண்டு வார்த்தை' இருபத்தைந்து நிமிடம் ஓடியது. பேசி முடித்த பிரமுகர், தனக்கு வேறொரு விழா இருப்பதாகச் சொல்லிவிட்டு முன்வரிசை நாற்காலியைக் காலியாக விட்டுப் போனார். பதினாலு நடனம் பதினாறாக முடிந்தது. நாடகத்தின் திரை விலகியபோது ஐந்து மணி முப்பத்தெட்டு. சாமுராய் அண்ணை கால்மிதிக் கவசத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவ்வளவு வேகமாக ஒரு துயரநாடகம் உலகில் எங்கும் நடந்திருக்காது. ஆவி ஓடிவந்து சொல்லிவிட்டு ஓடியது. புஷ்பம் அக்கா, "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்; சபை நடுங்கியது. பிரபு படுக்கும்போதே செத்தார். விருந்தில் யாரும் சாப்பிடவில்லை. ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு மண்டபத்தின் பின்கதவு திறந்தது. காடு நடந்து வந்தது.

எனக்குக் கேலி செய்யத்தான் வரும். ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு மரங்கள் இரண்டு வரிசையாக, பிள்ளைகளின் முகம் தெரியாமல், நாற்காலிகளின் நடுவே மெல்ல மெல்ல வந்தன. மண்டபம் முழுக்கக் காட்டு வாசனை. பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். 

காட்டின் கடைசி மரத்துக்குப் பின்னால் ஹவுஸ்மைஸ்டர் வந்தார்.

அவர் கண்ணுக்குத் தெரிந்தது காடு அல்ல. வாசலிலிருந்து மேடை வரைக்கும், தான் வெள்ளிக்கிழமை மெழுகு போட்டுத் துடைத்த தரையில், இரண்டு பச்சை ஆறுகளாக ஓடிய ஊசியிலை. மனிதர் சிவந்தார். என்னிடம் வந்து கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து ஐம்பத்தெட்டு. பிறகு என்னைத் தாண்டிப் போய் விளக்குச் சுவிட்சில் கை வைத்தார். பிரமுகர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பி, கையால் மணி அடிப்பதுபோலக் காட்டினார்கள். நான் ஜாக்கெட் பைகளைத் தடவினேன். கையை விரித்தேன்.

சாமுராய் அண்ணை மேடையின் விளிம்புக்கு வந்தார். மூங்கில் வாளைத் தரையில் வைத்தார். முழங்கால் நோக மண்டியிட்டார். ஹவுஸ்மைஸ்டரைப் பார்த்து, கசெட் ஜெர்மனில், உரத்துச் சொல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வாயிலின் காவலரே, காடு வந்துவிட்டது. என் காலம் முடிந்தது. ஒரு மனிதன் ஒழுங்காகச் சாவதற்கு வேண்டிய மூச்சை மட்டும் எனக்கு விட்டுவையும். அதன் பிறகு விளக்குகள் உம்முடையவை."

நாற்பது வருடம் அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரியிலும் தபால் கந்தோரிலும் எங்களை நெளியவைத்த அதே ஜெர்மன்.  ஹவுஸ்மைஸ்டர் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குச் சாக எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"பத்து நிமிடம்" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு கையை எடுத்துவிட்டுப் போய், பிரமுகர் விட்டுப்போன முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, திறப்புக் கோர்வையை மடியில் வைத்துக்கொண்டார்.

சாமுராய் அண்ணை சாவதற்குப் பதினேழு நிமிடம் எடுத்தார். முதல் அம்பு தோளில். இரண்டாவது வயிற்றில். முப்பத்திரண்டு தளபதிகளும் மரத்தைப் போட்டுவிட்டு, இப்போது அவருடைய சொந்த வீரர்களாகி, ஆளுக்கு மூன்று எறிந்தார்கள். அவர் மேடையின் இந்த மூலைக்கு ஓடினார், அந்த மூலைக்கு ஓடினார், தூணைப் பிடித்தார், சரிந்தார், மறுபடி எழுந்தார். சபையில் ஒரு அம்மா, "ஐயோ, இந்த மனுசன் சாகப்போறார்" என்று நிஜமாகவே பதறினார். இருபது வருடம் வாழவைத்தவர்கள் அல்லவா. கதைப்படி ஏற்கெனவே செத்துப்போன புஷ்பம் அக்கா கம்பளிச் சட்டையோடு மேடையோரத்துக்கு வந்து, "மெல்ல விழுங்கோ அண்ணை, முழங்கால்" என்று சத்தமாகச் சொன்னார். அண்ணை மெல்ல விழுந்தார். வானத்தைப் பார்த்து ஒருமுறை கையை நீட்டினார். பிறகு அந்தக் கையும் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை.  அதற்குள் ஆசிரியை பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப தண்டனை இருக்குத்தான்" என்று நிம்மதியாகச் சொன்னது எனக்குக் கேட்டது. முதலில் தட்டியவர் ஹவுஸ்மைஸ்டர். தட்டி முடித்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். "ஊசியிலை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்காமலே போனார்.

திரை மூடியது. சாமுராய் அண்ணை எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன். உடம்பெல்லாம் அம்பு. அவர் என் ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"தம்பி, மணி எங்கை?"

"வீட்டில விட்டிட்டன், அண்ணை."

மணி வீட்டில் இல்லை. என் ஜாக்கெட்டின் உள்பையில், அசைந்தாலும் சத்தம் வராதபடி, ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுருட்டிக் கிடந்தது. காலையில் நானே சுருட்டி வைத்தது. அதைப் பற்றிக் கமிட்டியில் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. இதை வாசிக்கிற கமிட்டிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

"உம்மட சங்கதி எனக்குத் தெரியும்" என்றார் சாமுராய் அண்ணை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு இரண்டு பேரும் துடைப்பம் எடுத்துக் கூட்டினோம். அம்பு குத்தியபடியே கூட்டினார்.

இப்போது அவர் ஸ்டுட்கார்ட்டில். ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பார். அங்கேயும் ஒரு மன்றம் இருக்கிறதாம். "மணி அடிக்கிற பொடியன் நல்லவன்தான் தம்பி, ஆனா உம்மளவுக்கு வராது" என்கிறார். புதிய பேக்கரிப் பெண் இன்னும் பழகவில்லையாம். எங்கள் பேக்கரியில் அந்தப் பழைய பெண், பிரபு எங்கே என்று என்னைக் கேட்கிறாள். எங்கள் விழாவில் இந்த முறை நாடகம் இல்லை. எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

இந்த ஜனவரியிலும் தெருவோரம் மரங்களை எறிந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நல்ல மரத்தைக் கண்டு காரை நிறுத்தினேன். ஆள் உயரம். சீட்டை மடித்து ஏற்றிவந்து கராஜில் சாத்தி வைத்தேன். இப்போது ஜூன் மாதம். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தடியாக நிற்கிறது. இதை எப்ப எறியப்போறியள் என்று மனைவி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். சாமுராய் அண்ணை வரட்டும், வந்து ஒருக்கால் பார்க்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.